32,767-க்கு மேல்

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் வயிற்றுப் பேரன் போன மாதம் வந்து பத்து நாள் தங்கினான். வேலையையும் கையோடு கொண்டுவந்துவிட்டான். காலையில் கூடத்து ஊஞ்சலில் மடிக்கணினியோடு உட்காருவான். ஏஐ ஏஜெண்ட் என்று ஒன்றாம், அதற்கு இரண்டு வரி உத்தரவு எழுதிப் போட்டுவிட்டு, காபியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான். திரையில் அது பாட்டுக்கு வேலை நடக்கும். புரோகிராமை ஓட்டும், நடுவில் ஏதோ ஒரு வரியில் நிறுத்தும், சில எண்களைக் கேட்டு வாங்கும், மறுபடி ஓட்டும்.

"என்னடா பண்ணுது அது?" என்றேன்.

"வேரியபிள்களைத் திறந்து பார்க்குது தாத்தா. எங்க தப்புன்னு கண்டுபிடிக்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தாறு வருஷம் கணக்குப் பிரிவில் நானும் அதைத்தானே செய்தேன். பக்க மொத்தம் டாலி ஆகவில்லை என்றால், பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து பிடித்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உள்ள தொகை அடுத்த பக்கத்தின் தலையில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே போவோம். புரோகிராமில் 'மாறி' என்பது அந்தப் பக்க மொத்தம் மாதிரிதான். அதற்கு ஒரு பெயர் உண்டு, உள்ளே ஒரு எண் உண்டு. வேலை நடக்க நடக்க எண் மாறும், பெயர் மாறாது. தப்பு நேர்ந்தால், எந்த இடத்தில் எந்தப் பெயருக்குள் தவறான எண் புகுந்தது என்று பார்க்க வேண்டும்.

இந்தப் பார்வையிடும் வேலைக்கு முக்கால் நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. எனக்கும் அதில் ஒரு பழைய கணக்கு பாக்கி உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் கட்டிய எட்சாக் என்ற கணினி 1949 மே 6 அன்று முதல் முறையாக ஓடியது. ஓடிய சில வாரங்களிலேயே வில்க்ஸுக்கு ஒன்று புரிந்துவிட்டது. காகித நாடாவில் துளை போடும் அறைக்கும் இயந்திரம் இருந்த அறைக்கும் நடுவே படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, தன் மீதி ஆயுளில் பெரும்பகுதி தன் சொந்தப் புரோகிராம்களில் உள்ள தவறுகளைத் தேடுவதிலேயே போய்விடும் என்று உறைத்ததாகப் பின்னாளில் தன் வரலாற்றில் எழுதினார். அவர் அப்போது எழுதிய ஒரு புரோகிராமின் நாடா பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. மொத்தம் 126 வரி. ஆராய்ந்தவர்கள் அதில் சுமார் 20 தவறுகளை எண்ணினார்கள். இவ்வளவுக்கும் வில்க்ஸ் சாதாரண ஆள் இல்லை.

எட்சாக்கில் எண்கள் பாதரசம் நிரப்பிய குழாய்களில் ஒலித் துடிப்புகளாக ஓடிக்கொண்டிருக்கும். அவை ஒரு சிறிய திரையில் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். ஆரம்பத்தில் எல்லோரும் இயந்திரத்தை ஒவ்வொரு அடியாக நகர்த்தி, அந்தப் புள்ளிகளை எட்டிப் பார்த்துத் தப்பைத் தேடினார்கள். அந்தப் பழக்கத்துக்கு அவர்களே வைத்த பெயர் 'எட்டிப்பார்த்தல்' என்ற பொருள்படும் சொல்தான். ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை மற்ற அத்தனை பேரும் வரிசையில் காத்திருக்க வேண்டும். ரேஷன் கடையில் ஒருவர் எடைக்கல்லை ஆராய்ந்துகொண்டிருந்தால் பின்னால் நிற்பவர்கள் என்ன சொல்வார்களோ அதையே அங்கும் சொல்லியிருப்பார்கள். எட்டிப்பார்த்தல் சீக்கிரமே கண்டிக்கப்பட்டது.

அதற்கு மாற்று கண்டவர்களில் ஸ்டான்லி கில் என்பவர் முக்கியமானவர். 1951-ல் அவர் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் முதல் நூல் மாதிரி. புரோகிராம் நின்றுபோனதும் அப்போது நினைவகத்தில் இருந்ததையெல்லாம் அச்சடித்துத் தரும் ஒரு துணை நிரல். இன்னொன்று, புரோகிராம் ஓடும்போதே அது செய்யும் ஒவ்வொன்றையும் தடம் பிடித்து அச்சடிப்பது. முதலாவதற்கு அவர்கள் வைத்த பெயர் பிரேதப் பரிசோதனை. பெயர் பொருத்தம். ஆள் போய்ச் சேர்ந்த பிறகு வயிற்றில் என்ன இருந்தது என்று பார்ப்பதுதானே.

பிழைக்குப் 'பூச்சி' என்று பெயர் வந்த கதையை எல்லோரும் சொல்வார்கள். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 இயந்திரத்தின் ஒரு ரிலேயில் விட்டில்பூச்சி மாட்டியிருந்தது, அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள், அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உண்மைதான். ஆனால் பெயர் அதற்கும் பழையது. எடிசன் 1878-லேயே ஒரு கடிதத்தில் இயந்திரக் கோளாறுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்.

பூச்சி என்றதும் மருந்தும் வந்தது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் டிஎக்ஸ்-0 என்ற கணினிக்கு எழுதிய பிழை தேடும் கருவிக்கு ஃபிளிட் என்று பெயர் வைத்தார்கள். என் வயதுக்காரர்களுக்கு ஃபிளிட் பம்ப் ஞாபகம் இருக்கும், சாயங்காலமானால் கொசுவுக்கு அடிப்போமே, அதே ஃபிளிட். அடுத்து 1961 வாக்கில் பிடிபி-1 கணினிக்கு வந்த கருவியின் பெயர் டிடிடி! மலேரியா ஒழிப்புக்காரர்கள் வீடு வீடாக வந்து டிடிடி அடித்துவிட்டுச் சுவரில் தேதி எழுதிப் போவார்களே, அந்த வாடை எனக்கு இப்போதும் மூக்கில் வருகிறது. பெயர் விளையாட்டாக இருந்தாலும் இந்தக் கருவிகளில் ஒரு பெரிய வசதி இருந்தது. அதுவரை ஒரு எண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் அது நினைவகத்தில் எத்தனையாவது அறையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். இப்போது பெயர் சொல்லிக் கேட்கலாம். கதவு எண் தெரியாமல், 'கணக்குப்பிள்ளை வீடு எது' என்று கேட்டுத் தெருவில் நுழைவது மாதிரி. வேண்டிய வரியில் நிறுத்தி வைக்கவும் முடிந்தது. 1986-ல் ரிச்சர்டு ஸ்டால்மன் எழுதிய ஜிடிபி வரை, இன்றைக்கு என் பேரன் வைத்திருப்பது வரை, அடிப்படை அதுதான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானா, கூரூ ஏவுதளம். அந்த ஊர் நமக்கு முற்றிலும் அந்நியம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் பலர் போய்ச் சேர்ந்த மண் அது. நம் ஆப்பிள் செயற்கைக்கோளை 1981-ல் ஏற்றிச் சென்ற அரியான் ராக்கெட்டும் அங்கிருந்துதான் கிளம்பியது. 1996-ல் புத்தம் புதிய அரியான் 5-ன் முதல் பயணம். உள்ளே சூரியக் காற்றையும் பூமியின் காந்த மண்டலத்தையும் ஆராய கிளஸ்டர் என்ற பெயரில் நான்கு செயற்கைக்கோள்கள். கிளம்பி 40 வினாடிகூட முழுசாக ஆகவில்லை. சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் ராக்கெட் திடீரென்று ஒரு பக்கமாகத் திரும்பி, உடைந்து, வெடித்தது. துண்டுகள் சுமார் 12 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழுந்தன.

அன்று இரவு பிரெஞ்சு வானொலியில் செய்தி கேட்டேன். அடப் பாவமே என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டேன். அவ்வளவுதான்.

விசாரணைக் குழுவுக்கு ழாக்-லூயி லியோன்ஸ் தலைவர். பெரிய கணித மேதை, பிரான்ஸின் விண்வெளி நிறுவனத்துக்குத் தலைவராகவும் முன்பு இருந்தவர். இவருடைய மகன் பியேர்-லூயி அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் கணிதத்தின் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியிருந்தார். குழு ஒன்றரை மாதத்தில், ஜூலை 19 அன்று, அறிக்கை கொடுத்துவிட்டது. நம் ஊரில் விசாரணைக் கமிஷன்கள் எடுத்துக்கொள்ளும் காலத்தை நினைத்துப் பாருங்கள். அந்த அறிக்கையின் பிரெஞ்சுப் பிரதி பல வருஷம் கழித்து என் கைக்கு வந்தது. பள்ளியில் படித்த பிரெஞ்சு அன்றைக்கு உதவியது. சில பக்கங்கள்தான். அலங்காரம் கிடையாது. நல்ல ஆடிட்டர் எழுதிய ஆட்சேபணைக் குறிப்பு மாதிரி இருக்கும்.

நடந்தது இது. ராக்கெட் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு வேகம் என்று சொல்ல இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று வேலை செய்யும், மற்றது ஒன்றுக்கு ஏதாவது ஆனால் பொறுப்பேற்கத் தயாராக நிற்கும். இரண்டிலும் ஒரே புரோகிராம். அது அரியான் 4-க்காக எழுதியது, நன்றாக வேலை செய்தது, அப்படியே இங்கேயும் வைத்துவிட்டார்கள். அதில் ஒரு மாறி. பிரெஞ்சில் 'பியே ஒரிஸொந்தால்', கிடைவேகத்தோடு தொடர்புடைய ஒரு எண். அதை 64 பிட் அகலமான பெட்டியிலிருந்து 16 பிட் அகலமான பெட்டிக்கு மாற்ற வேண்டியிருந்தது.

16 பிட் என்றால் என்ன? கேஷ் புத்தகத்தில் தொகைக் கட்டம் இத்தனை இலக்கத்துக்கு என்று கோடு போட்டிருக்குமே, அது மாதிரி. கூட்டல் கழித்தல் அடையாளத்துக்கும் இடம் விட்டால், 16 பிட் கட்டத்தில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 32,767. அதற்கு மேல் ஒன்று கூடினாலும் இடம் கிடையாது.

அரியான் 4-ன் பாதையில் அந்த எண் 32,767-ஐத் தொட்டதே இல்லை. அரியான் 5-க்கு வேகம் அதிகம், கிடைவேகம் ஐந்து மடங்கு சீக்கிரமாக ஏறும். கிளம்பிய 37-வது வினாடிவாக்கில் எண் கட்டத்துக்குள் அடங்கவில்லை. அப்படி அடங்காமல் போனால் என்ன செய்வது என்று அந்த வரியில் எழுதப்படவில்லை. முதலில் தயார் நிலையில் நின்ற பெட்டி செயலிழந்தது. ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகவில்லை, வேலை செய்துகொண்டிருந்த பெட்டியும் அதே காரணத்தால் போய்விட்டது. அண்ணன் தவறினால் தம்பி பார்த்துக்கொள்வான் என்று வைத்தார்கள். இரண்டு பேரும் ஒரே வாய்ப்பாட்டைத் தப்பாகப் படித்தவர்கள்.

இதில் என்னை மிகவும் உறுத்தியவை இரண்டு. இப்படி வழியக்கூடிய மாறிகள் ஏழு இருக்கின்றன என்று எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது. நான்குக்குப் பாதுகாப்பு போட்டார்கள். மூன்றை அப்படியே விட்டார்கள், கணினியின் வேலைப் பளு 80 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு இருந்ததால். மூன்றும் அவ்வளவு பெரிதாக ஆகாது என்று நினைத்ததற்கான நியாயம் புரோகிராமில் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. இரண்டாவது, அந்தக் கணக்கே ராக்கெட் தரையில் நிற்கும்போது மட்டும் தேவையானது. கிளம்பிய பிறகு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. அரியான் 4-ல் கவுண்ட்டவுன் கடைசி நொடியில் நின்றுபோனால் மறுபடி முதலிலிருந்து தொடங்காமல் இருக்க வசதியாக, பறக்கத் தொடங்கிய பின்னும் 40 வினாடி அது ஓட விட்டிருந்தார்கள். அரியான் 5-க்கு அந்தத் தேவையும் இல்லை. வேண்டாத கணக்கு ஒன்று, பழைய வழக்கம் என்பதற்காக ஓடிக்கொண்டிருந்தது. முப்பது வருஷத்துக்கு முன் ரத்தான படிவத்தை இன்னும் மூன்று பிரதி நிரப்பிக்கொண்டிருக்கும் அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

செயலிழந்த பெட்டி சும்மா இருக்கவில்லை. 'எனக்கு இன்ன கோளாறு' என்று சங்கேதமாக ஒரு செய்தி அனுப்பியது. ராக்கெட்டை ஓட்டும் தலைமைக் கணினி அதைக் கோளாறுச் செய்தி என்று அறியாமல் திசை பற்றிய எண் என்று எடுத்துக்கொண்டது. ஆட்சேபணைக் குறிப்பின் வரிசை எண்ணைத் தொகை என்று நினைத்துக் கூட்டிவிட்டது மாதிரி. உடனே ராக்கெட்டை நேராக்குகிறேன் என்று ஊதுகுழல்களை ஓரம் வரை திருப்பியது. நேராக இருந்த ராக்கெட் கோணலாகி முறிந்தது.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் என் கட்டுரைக்குச் சம்பந்தப்பட்டது. தரைக்கு வந்த சமிக்ஞைகளில் முதலில் செயலிழந்த பெட்டியின் விவரம் மட்டுமே இருந்தது. மற்றதன் விவரத்தை அனுப்ப ஏற்பாடே இல்லை. ஆகவே தேடிப் போனார்கள். விழுந்த இடம் பெரும்பாலும் சேறும் அலையாத்திக் காடும், நம் பிச்சாவரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து இரண்டு பெட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். செயலிழக்கும் முன் அந்தக் கணத்தின் நிலவரத்தை மின்சாரம் போனாலும் அழியாத ஒரு நினைவகத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பது அந்தப் பெட்டிக்கு இட்டிருந்த கட்டளை. வெடித்து, விழுந்து, சேற்றில் கிடந்து, அதற்குப் பிறகும் அந்த எழுத்து இருந்தது. படித்தார்கள். கேம்பிரிட்ஜில் வைத்த பெயர் அன்றைக்குத்தான் முழு அர்த்தத்தோடு பொருந்தியது. பிறகு அரியான் 5-ன் உண்மையான பாதையை அந்தப் புரோகிராமுக்குக் கொடுத்துத் தரையில் ஓட்டிப் பார்த்தபோது, அதே தவறு அதே வரிசையில் மறுபடி நடந்தது. இந்தச் சோதனையை முன்பே செய்திருக்கலாம். செய்யவில்லை.

இனி என் கணக்கு.

1998. நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். குடும்ப ஓய்வூதிய நிலுவை கணக்கிட எங்கள் பிரிவுக்கென்று ஒரு சின்னப் புரோகிராம் எழுதி வாங்கியிருந்தார்கள். நன்றாகத்தான் ஓடியது. கையால் இரண்டு நாள் ஆகும் வேலை பத்து நிமிடத்தில் முடியும். ஒரு கடைநிலை ஊழியரின் விதவை, கணவர் இறந்து நான்கு வருஷத்துக்கு மேல் ஆகியும் வாரிசுச் சான்றிதழில் பெயர் மாறியிருந்ததால் ஓய்வூதியம் கிடைக்காமல் அலைந்தவர். ஒரு வழியாக உத்தரவு வந்தது. கணக்கைப் போட்டேன். 'பிடித்தம் செய்ய வேண்டிய தொகை 24,320' என்று தாள் வந்தது.

நான் அதைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். நான்கு வருஷம் ஒரு பைசாவும் வாங்காதவர் எப்படி அரசுக்குத் தர வேண்டியிருக்கும் என்ற கேள்வி எனக்கு வரவில்லை. ஏதோ பழைய முன்பணம், வீட்டுக் கடன், யாருக்குத் தெரியும். தாளில் அச்சாகியிருக்கிறது. மாதம் 500 ரூபாய் பிடித்தம் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன்.

மூன்றாம் மாதம் அந்த அம்மா வந்தார். சண்டை போடவில்லை. மேஜை ஓரமாக நின்று, "நான் யாருகிட்டயும் கடன் வாங்கலீங்களே ஐயா. அவரும் வாங்கினவரு இல்ல. எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க, கட்டிடறேன்" என்றார். எனக்குப் பதில் இல்லை. "பார்க்கிறேன், உட்காருங்கம்மா" என்றேன். உட்காரவில்லை.

அன்று இரவு கோப்பை வீட்டுக்கு எடுத்து வந்து, அகவிலைப்படி விகித அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாதம் மாதமாகக் கையால் போட்டேன். அரசு அவருக்குத் தர வேண்டிய தொகை 41,216 ரூபாய் என்று வந்தது. மறுநாள் மேலதிகாரியிடம் காட்டினேன். "கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமாய்யா? உன் கூட்டலைப் பாரு" என்றார். ஒரு வாரத்தில் நான்கு முறை கூட்டினேன்.

கடைசியில் அந்தப் புரோகிராமைப் பராமரிக்க வரும் இளைஞனைப் பிடித்தேன். இருபத்துமூன்று வயது இருக்கும். இரண்டு எண்களையும் ஒரு சீட்டில் எழுதிக் காட்டினேன். அவன் இரண்டையும் கூட்டினான். 65,536 என்று வந்தது. சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். "சார், உங்க கணக்கு சரி" என்றான், புரோகிராமைத் திறக்காமலே. பிறகு உட்கார்ந்து, ஒவ்வொரு மாதமும் நிலுவை என்ற மாறியில் என்ன எண் இருக்கிறது என்று அச்சடிக்கும்படி ஒரே ஒரு வரி சேர்த்து ஓட்டினான். தாள் நீளமாக வந்தது. 32,512 வரை ஒழுங்காக ஏறியது. அடுத்த மாதத்துக்கு 930 சேர்த்ததும் 33,442 வர வேண்டிய இடத்தில் -32,094. 16 பிட் கட்டம் நிரம்பி, மீட்டர் சுற்றி, அடியிலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டது. அங்கிருந்து மேலும் சில மாதம் கூட்டி, -24,320-ல் முடிந்தது. கழித்தல் அடையாளம் இருந்தால் பிடித்தம் என்ற தலைப்பில் அச்சடி என்பது அதற்கு இட்ட கட்டளை. அதன்படி செய்தது. எங்கள் பிரிவில் அதுவரை யாருக்கும் நிலுவை 32,767-ஐத் தாண்டியதில்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

லியோன்ஸ் அறிக்கையைப் படித்தபோது எனக்கு ஏன் உடம்பு சிலிர்த்தது என்று இப்போது புரியும். அதே கட்டம், அதே எண். கூரூவில் அந்தப் பெட்டி தாங்காமல் விழுந்தது, விழும்போது தனக்குக் கோளாறு என்று சொல்லவாவது செய்தது. எங்கள் இயந்திரம் எதுவும் சொல்லாமல், அழகாகக் கட்டம் போட்டு, தப்பை அச்சடித்துக் கொடுத்தது. இரண்டில் எது மோசம் என்று கேட்டால், விழுந்ததே மேல் என்பேன்.

ஏஜெண்ட் விஷயத்துக்கு வருகிறேன். தானே முடிவெடுக்கும் புரோகிராம் இப்போது வந்த புதுமை என்று பேரன் நினைத்துக்கொண்டிருந்தான். 1999 மே மாதம் நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தை ரிமோட் ஏஜெண்ட் என்ற புரோகிராம் சில நாள் தானே இயக்கியது. பூமியிலிருந்து சுமார் 10 கோடி கிலோமீட்டர் தூரம். மே 17 அன்று பொறுப்பேற்றது, மறுநாளே, இன்ஜினை நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாமல் நின்றுவிட்டது. கேள்வி போய்ச் சேரவே ஐந்தாறு நிமிடம் ஆகும் தூரத்திலிருந்து, அதன் உள் நிலவரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். புரோகிராமின் இரண்டு பகுதிகளில் ஒன்று மற்றதன் சமிக்ஞைக்காகக் காத்திருந்தது. அந்தச் சமிக்ஞையோ இது காத்திருக்கத் தொடங்கும் கணத்துக்குச் சற்று முன்பே வந்து போய்விட்டது. பேருந்து போன பிறகு நிறுத்தத்தில் நிற்பவன் கதை. இதே ஜாதித் தவறு ஒன்றை 1997-லேயே அந்தப் புரோகிராமின் வேறொரு பகுதியில் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தார்கள் என்பது கூடுதல் வேதனை. புரோகிராமைத் திருத்தி அனுப்பும் ஆபத்தை எடுக்காமல், மே 21-க்குள் மிச்சச் சோதனைகளை முடித்துவிட்டார்கள்.

அன்றைக்கு மனிதர்கள் ஏஜெண்டின் மாறிகளைப் பார்த்தார்கள். இப்போது ஏஜெண்ட் மற்ற புரோகிராம்களின் மாறிகளைப் பார்க்கிறது. 2025-ல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் டீபக்-ஜிம் என்று ஒன்றை வெளியிட்டார்கள். ஜிம் என்றால் நிஜமாகவே உடற்பயிற்சிக் கூடம் என்ற பொருளில்தான். ஏஜெண்டுகளின் கையில் டீபக்கரைக் கொடுத்துப் பழக்கும் இடம். கொடுத்ததும் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. மனிதர்கள் பிழையைத் தேடும்போது எதை முதலில் பார்த்தார்கள், அதிலிருந்து அடுத்து எதைப் பார்த்தார்கள் என்ற படிப்படியான பதிவுகள் அவற்றின் பயிற்சியில் குறைவு என்பது அவர்களுடைய ஊகம். எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. கச்சாக் கணக்குத் தாளை நாம் எப்போதும் கசக்கிப் போட்டுவிடுகிறோம். ஃபேர் காப்பிதான் கோப்பில் ஏறுகிறது.

பேரன் ஊருக்குக் கிளம்பும் முன்தினம், அந்தப் பழைய நிலுவைக் கணக்கைச் சி மொழியில் எழுதித் தரச் சொன்னேன், அதே 16 பிட் கட்டத்தோடு. எண்களைச் சரியாக அதே எண்களாக நான் சொல்லச் சொல்லப் போட்டான். தவறு எங்கே என்று ஏஜெண்டிடம் சொல்லாமல் கொடுத்தோம். முதலில் புரோகிராமைப் படித்துப் பார்த்துவிட்டு, அகவிலைப்படி அட்டவணையில் பிழை இருக்கலாம் என்று மிகுந்த நம்பிக்கையோடு சொன்னது. என் பழைய மேலதிகாரியின் குரல் கேட்டது மாதிரி இருந்தது. "வேரியபிளைத் திறந்து பார்க்கச் சொல்லுடா" என்றேன். நிலுவை பூஜ்யத்துக்குக் கீழே போகும் கணத்தில் நிறுத்து என்று தானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டு ஓட்டியது. நின்றது. மாத எண், மாதத் தொகை 930, முந்தைய நிலுவை 32,512, இப்போதைய நிலுவை -32,094. காரணத்தைச் சரியாக எழுதியது. காபி ஆறக்கூட இல்லை.

"அந்தப் பாட்டி எத்தனை மாசம் கட்டினாங்க தாத்தா?" என்று கேட்டான்.

"மூணு. ஆயிரத்து ஐந்நூறு."

41,216 ரூபாயோடு சேர்த்து அதையும் திருப்பிக் கொடுத்தோம், அதற்கு இன்னும் ஐந்து மாதம் ஆனது. கோப்பில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'கணினிப் பிழை' என்று குறிப்பெழுதியவன் நான்தான். முதல் தாளில் இருந்த என் கையெழுத்தைப் பற்றி அந்தக் குறிப்பில் ஒன்றும் இல்லை.